குளிர்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு: காரில் பிளாக் ஹீட்டர் பொருத்துவது எப்படி

சிங்கப்பூரில் கார் ஓட்டியவருக்கு என்ஜின் சூடேறிவிடுமே என்ற கவலை மட்டும்தான் தெரியும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது முள் மேலே போகிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான். வேலை மாற்றலாகிக் கனடாவின் எட்மன்டனுக்கோ வினிப்பெக்கிற்கோ போனால் கவலை அப்படியே தலைகீழாகிவிடும். வீட்டு ஃப்ரீசரின் வழக்கமான வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. ஜனவரி இரவில் வினிப்பெக் தெருவில் நிறுத்திய கார் பல நாள் அதைவிடக் குளிரில்தான் கிடக்கும்.

அந்தக் குளிரில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. என்ஜின் ஆயில் கெட்டியாகி, என்ஜினைச் சுற்றுவதற்குக் கூடுதல் விசை கேட்கும். அதே நேரத்தில் பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும். ஸ்டார்ட் ஆனாலும் முதல் சில விநாடிகள் ஆயில் மேலே போய்ச் சேராமல் உலோகம் உலோகத்தோடு உரசும். பிளாக் ஹீட்டர் என்பது என்ஜினின் உலோக உடலான பிளாக்கையும் அதற்குள் ஓடி என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டையும் சூடாக்கும் ஒரு மின் எலிமென்ட். சுவர் பிளக்கில் செருகும் ஒரு வயர் அதிலிருந்து காரின் முன்பக்கம் வந்து தொங்கும். பெரும்பாலானவை 400 முதல் 1000 வாட் வரை இருக்கும்.

உங்களுக்குத் தேவையா?

போகும் ஊரைப் பொறுத்தது. வான்கூவருக்குத் தேவையே இல்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் "இருபது வருஷமா இல்லாமத்தான் ஓட்றோம்" என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. டொராண்டோவில் மைனஸ் 20 என்பது எப்போதாவது வந்து போகும் விருந்தாளி. அதை நம்பி அல்பர்ட்டா, சஸ்காட்செவன், மனிடோபா மாநிலங்களுக்கோ யூகோன் பக்கமோ ஹீட்டர் இல்லாமல் போய்விடாதீர்கள். மைனஸ் 15 வரை நல்ல பேட்டரியும் குளிரிலும் இளகி ஓடும் 0டபிள்யூ (0W) வகை ஆயிலும் இருந்தால் சமாளிக்கலாம். மைனஸ் 20க்குக் கீழே ஹீட்டர் வேண்டும். மைனஸ் 30இல் ஹீட்டர் இல்லாமல் என்ற பேச்சே கிடையாது. முழு மின்சாரக் காருக்கு இது பொருந்தாது, அதில் என்ஜின் இல்லை. ஹைபிரிட்டில் என்ஜின் உண்டு, எனவே பொருந்தும். டீசல் வண்டிக்குப் பெட்ரோல் வண்டியைவிட அதிகமாகவே தேவை. ஆனால் டாங்கில் டீசல் மெழுகாக உறைவதை இந்த ஹீட்டர் தடுக்காது, அதற்குக் குளிர்கால டீசல்தான் போட வேண்டும்.

இங்கிருந்து வாங்கிக்கொண்டு போகாதீர்கள்

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஹீட்டர்களில் பல 230 வோல்ட்டுக்குச் செய்தவை. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். 230 வோல்ட்டில் 400 வாட் தரும் எலிமென்ட்டை 120இல் செருகினால் 110 வாட்கூட வராது. வோல்ட் பாதியாகும்போது வாட் கால்வாசியாகிவிடும். எதுவும் வெடிக்காது, ஃபியூஸ் போகாது. ஹீட்டர் வேலை செய்வதாகவே நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஒரு மைனஸ் 28 காலையில் கார் கிளம்பாத வரைக்கும். முஸ்தபா கடையில் வாங்கிய டைமர், எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பிளக்கும் பொருந்தாது, அந்த வயரின் பிளாஸ்டிக் உறையும் கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும். அங்கே போய், சிஎஸ்ஏ எனும் கனடா பாதுகாப்புத் தர முத்திரை உள்ளதாக வாங்குங்கள்.

இங்கிருந்து கற்றுக்கொண்டு போகக்கூடிய ஒன்று உண்டு. சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் உங்கள் கார் போகும் ஒர்க்‌ஷாப்பில் அடுத்த முறை கூலன்ட் மாற்றும்போது கூடவே நின்று பாருங்கள். எங்கே திறந்து வடிக்கிறார்கள், நிரப்பிய பிறகு காற்றை எப்படி வெளியேற்றுகிறார்கள் என்று கவனியுங்கள். பிளாக் ஹீட்டர் வேலையில் பாதி அதுதான், கெட்டுப்போவதும் பெரும்பாலும் அந்தப் பாதியில்தான்.

முதலில் காரில் ஏற்கெனவே இருக்கிறதா பாருங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். குளிர் மாநிலங்களில் விற்ற கார்களில் பலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயோ டீலரிடத்திலேயோ ஹீட்டர் போட்டிருப்பார்கள். முன் கிரில்லுக்கு உள்ளேயோ பம்பருக்குக் கீழேயோ மூடியோடு ஒரு மூன்று முள் பிளக் தெரிகிறதா என்று தேடுங்கள். தெரியவில்லை என்றால் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஓரமாகப் பாருங்கள், சுருட்டிக் கட்டி வைத்திருக்கலாம். சிலவற்றில் எலிமென்ட் பிளாக்கில் இருக்கும், வயர் மட்டும் இருக்காது. அப்போது வயர் வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது.

பிளக் இருந்தால் மட்டும் போதாது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு தட்டை முள்களுக்கு இடையே அளந்து பாருங்கள். 400 வாட் என்றால் ஏறக்குறைய 36 ஓம், 600 வாட்டுக்கு 24, 750 வாட்டுக்கு 19, 1000 வாட்டுக்கு 14 காட்ட வேண்டும். எண்ணே வராவிட்டால் எலிமென்ட்டோ வயரோ அறுந்திருக்கலாம். தட்டை முள் ஒன்றுக்கும் உருண்டை எர்த் முள்ளுக்கும் இடையே ஏதாவது எண் காட்டினால் மின்சாரம் காரின் உடம்புக்குக் கசியும் என்று பொருள், அதைச் செருகவே கூடாது. பழைய கார் வாங்கப் போகும்போது இந்த மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

எந்த வகை?

என்ஜினுக்கு என்ஜின் மாறும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து உதிரிபாகக் கடையில் கேளுங்கள். கார் மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால், ஒரே மாடலில் இரண்டு என்ஜின் வருகிற கார்களில் ஏமாந்து போவீர்கள்.

கார்ட்ரிட்ஜ் வகை பல டொயோட்டா என்ஜின்களில் உண்டு. பிளாக்கில் அதற்கென்றே வார்த்த ஒரு குழிக்குள் உலோகக் குச்சியைச் செருகுவதுதான் வேலை, கூலன்ட்டைத் தொட வேண்டியதில்லை. இரண்டாவது, பிளாக்கில் இருக்கும் ஒரு திருகு மூடியைக் கழற்றிவிட்டு அங்கே திருகுவது. மூன்றாவது, வெல்ஷ் பிளக் எனும் வட்ட உலோக மூடியைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் எலிமென்ட்டைப் பொருத்துவது. இந்த இரண்டுக்கும் கூலன்ட்டை வடித்தாக வேண்டும். ரேடியேட்டர் கீழ் ஹோஸை வெட்டி நடுவில் மாட்டும் வகையும் இருக்கிறது, வேறு வழி இல்லாத என்ஜினுக்கு அது போதும்.

ஆயில் தொட்டியின் அடியில் ஒட்டும் சிலிகோன் பட்டை நல்ல துணை. ஆனால் தொட்டி உலோகமாக இருக்க வேண்டும், புதுக் கார்கள் சிலவற்றில் அது பிளாஸ்டிக். ஆயில் அளவுக் குச்சியின் இடத்தில் செருகும் ஹீட்டரும் காந்தத்தில் ஒட்டும் ஹீட்டரும் கடையில் கண்ணில் படும் இடத்தில் தொங்கும். அவற்றில் காசைப் போடாதீர்கள்.

உங்கள் என்ஜினுக்குக் கார்ட்ரிட்ஜ் கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். வெல்ஷ் பிளக் வகையை முதன்முறையாகக் கார் வேலை செய்கிறவர் கையில் எடுக்க வேண்டாம், பக்கத்தில் பழகிய ஒருவர் இருக்கட்டும்.

கார்ட்ரிட்ஜ் பொருத்துதல்

என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். கீழிருந்து வேலை என்றால் காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. அடித் தட்டின் பிளாஸ்டிக் கிளிப்புகள் குளிரில் பட்டென்று உடையும். அதனால் இந்த வேலையைச் செப்டம்பரிலோ அக்டோபரிலோ முடித்துவிடுங்கள்.

குழியைக் கண்டுபிடித்து உள்ளே இருக்கும் தூசியையும் துருவையும் துணியாலும் சிறு பிரஷ்ஷாலும் துடையுங்கள். ஹீட்டரோடு வரும் வெப்பம் கடத்தும் பசையைக் குச்சி முழுவதும் தாராளமாகப் பூசுங்கள். இந்தப் பசையில் கஞ்சத்தனம் கூடாது. குச்சிக்கும் பிளாக்குக்கும் நடுவே காற்று நின்றால் சூடு பிளாக்குக்குப் போகாமல் குச்சியிலேயே தங்கி, எலிமென்ட் சில மாதங்களில் கருகும். கடைசி வரை தள்ளி, கிளிப்பையோ போல்ட்டையோ மாட்டி, கையால் இழுத்துப் பாருங்கள். ஆடினால் சரியாக உட்காரவில்லை.

வெல்ஷ் பிளக் வகை பொருத்துதல்

ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து கூலன்ட்டை ஒரு தட்டில் பிடியுங்கள். பிளாக்கில் தனி வடிதிருகு இருந்தால் அதையும் திறக்க வேண்டும். நான்கு சிலிண்டர் காரில் மொத்தம் 5 முதல் 7 லிட்டர் இருக்கும், அத்தனையும் வெளியே வராது. வடித்ததைத் தரையில் விடாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் குழந்தையும் நக்கிப் பார்க்கும், அது உயிரைக் குடிக்கும் நஞ்சு. மூடி உள்ள கேனில் ஊற்றி, கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

எந்த மூடியைக் கழற்ற வேண்டும் என்பது ஹீட்டரோடு வரும் தாளில் படமாக இருக்கும். பக்கத்து ஓட்டையும் அதே அளவில் இருக்கலாம், ஆனால் அதற்குள் எலிமென்ட்டுக்கு இடம் இருக்காது. மூடியின் நடுவில் அடிக்காதீர்கள். ஒரு ஓரத்தில் மழுங்கிய பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் மூடி அச்சில் சுழன்று மறுபக்கம் வெளியே வரும். அதைப் பிளையரால் பிடித்து இழுங்கள். பலமாக அடித்தால் மூடி உள்ளே விழுந்துவிடும், அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. சற்றுப் பின்னால்தான் சிலிண்டர் சுவர் இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். மூடி வந்ததும் மீதிக் கூலன்ட் முகத்தில் கொட்டும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

ஓட்டையின் உள்விளிம்பை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து உலோகம் பளிச்சென்று தெரியும்படி செய்யுங்கள். இந்த விளிம்பில் துரு மிச்சம் இருந்தால் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஒழுகும். பிறகு எலிமென்ட்டை ஓ-ரிங் இல்லாமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். அதன் வளைவு உள்ளே எந்தச் சுவரையும் தொடக் கூடாது. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்ற குறி இருந்தால் அதை மதியுங்கள். தொட்டுக்கொண்டிருக்கும் எலிமென்ட் அந்த இடத்தில் ஓட்டை விழுந்து போகும்.

ஓ-ரிங்கில் சிலிகோன் கிரீஸோ கொஞ்சம் கூலன்ட்டோ தடவுங்கள். என்ஜின் ஆயில் வேண்டாம், கூலன்ட்டுக்கான ரப்பர்களில் பெரும்பாலானவை ஆயில் பட்டால் ஊதிவிடும். எலிமென்ட்டை நேராகத் தள்ளி, நடுத் திருகைத் தாளில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். இது மெல்லிய திருகு, சக்கர நட்டுக்குக் கொடுக்கும் பலத்தைக் கொடுத்தால் பின்பக்கப் பிடி வளைந்துவிடும்.

கூலன்ட்டை நிரப்புவது

சிங்கப்பூர்ப் பழக்கத்தை விட வேண்டிய இடம் இது. இங்கே ரிசர்வ் பாட்டிலில் அளவு குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் பலர். இங்கே அதனால் வரும் கேடு பெரும்பாலும் துருதான். மைனஸ் 20இல் தண்ணீர் உறைந்து ஒன்பது விழுக்காடு பெருக்கும், வார்ப்பிரும்புப் பிளாக்கே விரிசல் விடும்.

பாதிக் கூலன்ட், பாதிக் காய்ச்சி வடித்த நீர் என்ற கலவை மைனஸ் 37 வரை உறையாது. 60க்கு 40 என்றால் மைனஸ் 50ஐத் தாண்டும். கூட ஊற்றினால் இன்னும் நல்லது என்று கலக்காமல் அப்படியே ஊற்றாதீர்கள். கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும்! நிறத்தைப் பார்த்தும் வாங்காதீர்கள், பச்சை, சிவப்பு, நீலம் ஆளுக்கு ஆள் மாறும். கார்ப் புத்தகத்தில் சொல்லியிருக்கும் தரத்தைப் பாருங்கள்.

கணக்கில் தவறுவது இங்கேதான். கொள்ளளவு 6 லிட்டர், நீங்கள் உள்ளே தண்ணீர் விட்டு அலசினீர்கள், வடிந்தது 4 லிட்டர் என்றால் உள்ளே 2 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன்மேல் கடையில் கலந்தே விற்கும் பாதிக்குப் பாதியை 4 லிட்டர் ஊற்றினால் கூலன்ட் பங்கு மூன்றில் ஒன்றாகிவிடும், மைனஸ் 20ஐக்கூடத் தாங்காது. 3 லிட்டர் கலக்காத கூலன்ட், 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீர் என்று ஊற்றினால்தான் கணக்கு நேராகும். அலசாமல் வடித்திருந்தால் கலந்ததையே ஊற்றலாம். வான்கூவரில் வாங்கிய பழைய காரை எட்மன்டனுக்கு ஓட்டிப் போகிறவர்கள் கூலன்ட் எத்தனை டிகிரி வரை உறையாது என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நிரப்பியபின் காரின் உள் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினை ஓடவிடுங்கள். சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்து, மேல் ஹோஸ் சூடாகி, குமிழ் வருவது நிற்கும்வரை நிரப்பிக்கொண்டே இருங்கள். காற்றுத் திருகு உள்ள என்ஜினில் அதையும் திறந்து மூடுங்கள். இது முடியும்வரை பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் செருகக் கூடாது, "வேலை செய்கிறதா என்று சும்மா ஒரு விநாடி" கூடச் செருகக் கூடாது. வாளியில் தண்ணீர் இல்லாமல் போட்ட ஹீட்டர் ராடு என்ன ஆகுமோ அதுதான் இதற்கும். எலிமென்ட்டைச் சுற்றிக் காற்றுப் பை நின்றாலும் அதே கதி. புதிதாகப் போட்ட ஹீட்டர் முதல் வாரத்திலேயே செத்துப்போனால் பெரும்பாலும் காரணம் இதுதான், கம்பெனி மேல் பழி போட வேண்டாம்.

வயர்

எக்ஸாஸ்ட், ஃபேன், பெல்ட், ஸ்டீயரிங் தண்டு ஆகிய நான்கிலிருந்தும் வயர் விலகி ஓட வேண்டும். ஓர் அடிக்கு ஒன்று வீதம் நைலான் டை போட்டுக் கட்டுங்கள். என்ஜின் அதன் ரப்பர் தாங்கிகளில் ஆடும், ஆகவே என்ஜினிலிருந்து பாடிக்குத் தாவும் இடத்தில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். எலிமென்ட்டில் மாட்டும் முனையிலும் பிளக் முள்களிலும் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவினால் சாலையில் தூவும் உப்பு உள்ளே போகாது. பிளக் கிரில்லுக்குப் பக்கத்தில், கையுறை போட்ட கைக்கு எட்டும்படி இருக்கட்டும். மூடியைத் தொலைக்காதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் வயர் வெளிப்புறத்துக்கு உரியதாக, கடுங்குளிரிலும் வளையக்கூடியதாக, எர்த் உள்ள மூன்று முள்ளாக இருக்க வேண்டும். அங்கே தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள், எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 14 கேஜ் வாங்குங்கள், 15 மீட்டர் வரை கவலையில்லை. சிங்கப்பூரைவிட வோல்ட் பாதி என்பதால் அதே வாட்டுக்கு மின்னோட்டம் இரட்டிப்பு, மெல்லிய வயர் சூடாகும். 750 வாட் ஹீட்டர் 6.25 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் இரண்டு கார்கள் ஒரே 15 ஆம்பியர் சுற்றில் இருந்தால் 12.5 ஆகிவிடும். மணிக்கணக்கில் ஓடும் கருவிக்கு அந்தச் சுற்றில் 12 ஆம்பியர்தான் பாதுகாப்பான எல்லை. ஒன்றை வேறு சுற்றுக்கு மாற்றுங்கள்.

செருகிப் பார்த்தல், பழக்கத்தில் கொள்ளுதல்

மேலே சொன்ன ஓம் அளவைக் காரில் போட்டபின் மறுபடி எடுங்கள். செருகியதும் மெல்லிய சீறல் கேட்கும். ஒரு மணி நேரத்தில் பிளாக்கின் அந்தப் பகுதி கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும். சுவரில் செருகும் வாட் மீட்டர் இருந்தால் எண்ணையே பார்த்துவிடலாம். முதல் ஓட்டத்துக்குப் பின்னும், ஒரு வாரம் கழித்தும் அடியில் அட்டையைப் போட்டு ஒழுகல் பாருங்கள்.

இரவு முழுக்கச் செருகி வைப்பது வீண். பெரும்பாலான ஹீட்டர்களில் தானாக நிற்கும் வசதி கிடையாது. இரண்டு மணி நேரத்தில் ஏறவேண்டிய சூடு ஏறிவிடும், மைனஸ் 30இல் மூன்று நான்கு மணி நேரம் கொடுக்கலாம். 600 வாட் ஹீட்டர் மூன்று மணி நேரத்துக்கு 1.8 யூனிட் தின்னும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு 7.2. வெளிப்புறத்துக்கான 15 ஆம்பியர் டைமர் ஒன்றை வாங்கி, கிளம்பும் நேரத்துக்கு மூன்று மணி முன்னதாக வையுங்கள். அலுவலகக் கார்நிறுத்துமிடங்களில் இருக்கும் பிளக்குகள் சில இடங்களில் விட்டுவிட்டுத்தான் மின்சாரம் தரும், அளந்து பார்க்கும்போது பூஜ்யம் காட்டினால் உடனே ஹீட்டர் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள்.

செருகியதை மறந்து வண்டியை எடுப்பது எல்லோருக்கும் நடக்கும், வயரும் பிளக்கும் பிய்ந்து போகும். எக்ஸ்டென்ஷனை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகு முன்னால் கொண்டுபோய்ச் செருகினால் கதவைத் திறக்கும்போதே கையில் தடுக்கும்.

மின்கசிவைக் கண்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ எனும் பாதுகாப்புப் பிளக், செருகியவுடனே டிரிப் ஆகி விழுகிறதென்றால் முதலில் எக்ஸ்டென்ஷனை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதன் பின்னும் விழுந்தால் கார்ப் பிளக்கைத் துடைத்து உலர்த்துங்கள், உப்புத் தண்ணீர் போயிருக்கும். அப்படியும் விழுந்தால் எலிமென்ட் முனையில் வயரைக் கழற்றிவிட்டு வயரைத் தனியாகச் செருகுங்கள். விழவில்லை என்றால் எலிமென்ட் கசிகிறது, மாற்ற வேண்டியதுதான். விழுந்தால் வயரை மட்டும் மாற்றினால் போதும். அந்தப் பிளக்குக்குப் பதிலாகச் சாதாரணப் பிளக்கில் செருகி ஓட்டலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஈரப் பனியில் நின்று உலோகக் கதவைத் தொடப்போவது நீங்கள்தான்.